எலி வாங்கப் போன கதை

விநாயகப் பெருமானைச் சுமக்கும் மூஷிகத்தை அறியாத தமிழர் இலர். நெல் மூட்டையைக் கடித்து இல்லத்தரசியைக் கலங்கவைக்கும் எலியை அறியாத வீடும் இல்லை. ஆயின், நாம் இன்று சொல்லப்புகும் எலி இவ்விரண்டும் அன்று. கணனியின் பக்கத்தில் வாலை நீட்டிக்கொண்டு அமர்ந்திருக்குமே, 'மௌஸ்' என்னும் அந்தச் சிறு கருவி, அதனைப் பற்றியதே இக்கட்டுரை. அதிலும், விளையாட்டுப் பிரியர்களுக்கென்றே செய்து விற்கப்படும் 'கேமிங் மௌஸ்' வகையில், சாதாரணக் குடும்பத்தின் கைக்கெட்டும் விலையில் உள்ளவற்றின் வயிற்றுக்குள் இருப்பது என்ன, கொடுத்த காசுக்கு எது பெறுமதி என்று பார்ப்பதே நமது நோக்கம்.

இந்த ஆராய்ச்சியில் நாமாக இறங்கவில்லை. ஒரு தாயும் மகனும் எம்மை இறக்கிவிட்டனர்.

திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்கு அண்மையில் வசிக்கும் குடும்பம் அது. தந்தை துறைமுகத்தில் கூலித் தொழிலாளி. தாய் விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். மகன் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணனி விஞ்ஞானம் பயில்கிறான். ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு கணனி விளையாட்டிலும் ஈடுபடுவான். நல்லதொரு மௌஸ் வேண்டும் என்று அவன் பல நாள் கேட்க, தாய் தமது சீட்டுக் காசில் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஏழு நிறங்களில் ஒளி வீசும் மௌஸ்; பெட்டியின்மேல் '7200' என்று கொட்டை எழுத்து. செய்தவர் பெயரோ எவரும் கேள்விப்படாத பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் எம்மிடம் வந்தனர்.

"ஐயா, நீங்களே இவனைக் கேளுங்கோ. ரெண்டு மாசம் முடியேல்லை, உடைச்சுப்போட்டு வந்து நிக்கிறான்" என்றார் தாய்.

"நான் உடைக்கேல்லை ஐயா. ஒருக்கால் அழுத்தினா, ரெண்டு தரம் அழுத்தின மாதிரி வேலை செய்யுது" என்றான் பையன்.

தாய் அதனை நம்பவில்லை. கையால் முரட்டுத்தனமாகக் கையாளாமல் ஒரு பொருள் தானே கெடுமா என்பது அவர் கேள்வி. இனி இரவில் கணனியைத் தொடக்கூடாது என்று கட்டளையும் பிறப்பித்துவிட்டார். பையனின் முகத்தைப் பார்த்தபோது, மௌஸ் போனதிலும் பார்க்கத் தாயின் நம்பிக்கை போனதே அவனை வாட்டுகிறது என்பது எமக்குப் புலனாயிற்று. ஆகவே, திருகுபுரி ஒன்றை எடுத்து அந்த எலியின் வயிற்றைத் திறந்தோம்.

வயிற்றுக்குள் இரும்பு

முதலிற் கண்ணிற்பட்டது ஓர் இரும்புத் துண்டு. எந்த வயரும் அதனோடு தொடர்புபடவில்லை. ஒட்டுப் பசையால் அடித்தட்டில் ஒட்டப்பட்டிருந்தது. அது எதற்கு என்று தாய் வினவினார். கையில் எடுப்பவருக்கு இது கனதியான, நல்ல சாமான் என்ற எண்ணம் உண்டாவதற்கே என்றோம். மீன் சந்தையில் மீனின் வயிற்றுக்குள் பனிக்கட்டியை வைத்து நிறுத்துக் கொடுத்தால் நாம் சும்மா விடுவோமா? தாயின் கோபம் மகனைவிட்டு மெல்ல விலகி, மேசைமீது கிடந்த பொருளை நோக்கித் திரும்பியது.

அந்த இரும்புத் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மௌஸுக்கு உண்மையில் தேவையானவை எவை என்பதை அவருக்கு விளக்கத் தொடங்கினோம்.

மௌஸின் பூர்வீகம் எளிமையானது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் எண்ணத்தில் உதித்து, பில் இங்கிலிஷ் என்பவரால் 1964ஆம் ஆண்டளவில் மரப்பெட்டி வடிவிற் செய்யப்பட்டது முதல் மௌஸ். 1968 டிசம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அதனைப் பலரறியக் காட்டினார்கள். அதற்குள் இருந்தவை இரண்டு சில்லுகள். பின்னர் உருளும் பந்து வந்தது. அதன் பின்னர் இன்றைய ஒளிவிழி வந்தது. விளையாட்டுக்கென்றே தனி மௌஸ் செய்யும் வழக்கம் 1999இல் ரேசர் நிறுவனத்தின் 'பூம்ஸ்லாங்' வெளிவந்ததோடு வேரூன்றியது.

இன்றைய மௌஸின் அடியில் இருக்கும் சென்சர் என்னும் உணர்கருவி, சின்னஞ்சிறு புகைப்படக் கருவி என்றே சொல்லலாம். மேசையின் மேற்பரப்பை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை படம்பிடித்து, முந்திய படத்தோடு பிந்திய படத்தை ஒப்பிட்டு, கை எவ்வளவு தூரம் எந்தத் திசையில் நகர்ந்தது என்று கணிக்கும். தைவானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம் இவ்வகைச் சென்சர்களுக்குப் பேர்போனது. பல கம்பெனிகளின் மௌஸ்கள் வெளித்தோற்றத்தில் வேறுபட்டாலும் உள்ளே பிக்ஸ்ஆர்ட்டின் கண்ணாலேயே பார்க்கின்றன.

பெரிய எண்ணின் மயக்கம்

பெட்டியில் அச்சிடப்பட்டிருந்த 7200 என்பது 'டி.பி.ஐ.' எனப்படும் அளவு. மௌஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை படிகளைக் கணனிக்கு எண்ணிச் சொல்லும் என்பதே அதன் பொருள். எண் கூடினால் மௌஸ் சிறந்தது என்று பலரும் நினைக்கின்றனர். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரணக் கணனித் திரையின் அகலம் 1920 புள்ளிகள். 800 டி.பி.ஐ. வைத்தால், அம்புக்குறி திரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்ல, கை 2.4 அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் நகரவேண்டும். இது கைக்கு இயல்பான தூரம். அதையே 7200இல் வைத்தால் 7 மில்லிமீற்றர் அசைவிலேயே அம்புக்குறி திரையைக் கடந்து ஓடிவிடும்! கை சற்று நடுங்கினாலும் குறி தப்பும். குறிபார்த்துச் சுடும் விளையாட்டுகளில் தேர்ந்த ஆட்டக்காரர்களே 400க்கும் 1600க்கும் இடையில் வைத்து ஆடுகின்றனர். ஆகவே 7200 என்பது தேவையற்ற அலங்காரம். அதிலும், மலிவான சில சென்சர்கள் உள்ளபடி காணக்கூடியது அதனிற் பாதியும் இராது. மீதியை ஊகித்துப் பெருக்கி எண்ணைக் கூட்டிக் காட்டும்.

பெயர்பெற்ற ரேசர் நிறுவனத்தின் 'டெத்அடர் எசென்ஷல்' என்னும் மௌஸின் உச்ச எண் 6400 மாத்திரமே என்று சொன்னபோது தாய் வியந்தார். பெயரற்ற எலியின் எண்ணிலும் அது குறைவு! ஆனால், விநாடிக்கு 220 அங்குல வேகத்திற் கையை வீசினாலும் அது வழிதவறாது. எத்தனை படி எண்ணுகிறது என்பதிலும், எண்ணுவதைப் பிழையின்றி எண்ணுகிறதா என்பதே முக்கியம்.

இன்னோர் எண்ணும் உண்டு. மௌஸ் தனது செய்தியைக் கணனிக்கு விநாடிக்கு எத்தனை முறை அனுப்புகிறது என்பது அது. அலுவலக மௌஸ்கள் பெரும்பாலும் 125 முறை அனுப்பும். அதாவது 8 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை. விளையாட்டு மௌஸ்கள் 1000 முறை, ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு தடவை அனுப்பும். இந்த வித்தியாசத்தைக் கை உணரும். இப்போது 8000 முறை அனுப்புபவையும் வந்துள்ளன. ஆனால் வீட்டுத் திரை விநாடிக்கு 60 படங்களைக் காட்டுவதாயின், ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையில் 16 மில்லிவிநாடிக்கு மேல் கழிகிறது. அத்தகைய திரைக்கு முன்னால் 8000க்குக் காசு கொடுப்பது, ஒற்றையடிப் பாதையில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்குவது போன்றதாகும்.

விரலுக்குக் கீழே ஒரு தகடு

இனிப் பையன்மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்கு வருவோம். இடது பொத்தானுக்கு அடியில் 13 மில்லிமீற்றர் நீளமான ஒரு குட்டிச் சுவிச் உண்டு. அதற்குள் செப்புக் கலவையிலான மெல்லிய தகடு ஒன்று வில்போல வளைந்து நிற்கிறது. விரல் அழுத்தும்போது அது 'டிக்' என்று தாவி மறு முனையைத் தொடும். தொடும் கணத்தில் ஒருமுறை தொட்டு அமைதியாக நின்றுவிடாது. நிலத்தில் விழுந்த பந்துபோல மிகச் சிறிது நேரம் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கிற் கொள்ளாமல், சில மில்லிவிநாடி பொறுத்திருக்கும்படி மௌஸின் மூளைக்குக் கற்பித்திருக்கிறார்கள். தகடு தேய்ந்தாலோ, தொடும் முனையிற் களிம்பு பிடித்தாலோ, துள்ளல் நீடிக்கும். மௌஸின் மூளை அதனை இரண்டாவது அழுத்தம் என்று எண்ணிவிடும். 'ஒருக்கால் அழுத்தினால் இருமுறை' என்று பையன் சொன்ன குறை இதுவே.

எமது ஊரோ மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். உப்புக் காற்றும் ஈரமும் யன்னற் கம்பியையே தின்றுவிடும்போது, மலிவான சுவிச்சின் முனையை விட்டுவைக்குமா? வெளிப்புறத்தில் றப்பர் பூச்சுப் பூசிய மௌஸ்கள் ஈர வெப்பத்தில் நாளடைவிற் பிசுபிசுப்பாகி ஊத்தை பிடிப்பதும் இங்கே பலர் கண்ட அனுபவம். சொரசொரப்பான வெறும் பிளாஸ்ரிக் மேனியே எமது சுவாத்தியத்துக்கு ஏற்றது.

"அப்ப இவன் உடைக்கேல்லையோ?" என்று கேட்டார் தாய்.

"இல்லைப் பிள்ளை. இது உடைவதற்கென்றே செய்யப்பட்டது" என்றோம்.

அவர் மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எமக்கு வந்த தேநீரில் ஒன்றை எடுத்து, முதலில் அவன் முன்னே நகர்த்தி வைத்தார்.

ஒரே மேசையில் நான்கு எலிகள்

அடுத்த ஞாயிறு, பையன் தன் நண்பர்களிடம் இரவல் பெற்று நான்கு மௌஸ்களோடு வந்தான். விலை நாளுக்கு நாள் மாறுவதாலும், கடைக்குக் கடை வேறுபடுவதாலும் நாம் ரூபாக் கணக்குச் சொல்லப்போவதில்லை. 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா வரை ஏறியதை யார் மறப்பார்? வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சாமானுக்கும் அதன் சுமை உண்டு. ஆதலால் எது எந்தப் படியில் நிற்கிறது என்பதை மாத்திரம் கூறுவோம்.

முதலாவது, லொஜிடெக் ஜி102. பெயருள்ள மௌஸ்களுள் கீழ்ப்படியில் கிடைப்பது. எடை 85 கிராம், உச்ச எண் 8000, விநாடிக்கு 1000 செய்தி, ஆறு பொத்தான்கள். இரு பக்கமும் ஒரே அமைப்பு. சிறிய, நடுத்தரக் கைகளுக்கு நன்றாகப் பொருந்தும். முதன்மைப் பொத்தான்களுக்கு ஒரு கோடி அழுத்தம் ஆயுள் என்கிறது நிறுவனம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் முறை அழுத்தும் தீவிர ஆட்டக்காரனுக்கு அது 1000 நாள். மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாவது, முன்பு சொன்ன ரேசர் டெத்அடர் எசென்ஷல். விலையில் முதலாவதற்குப் பக்கத்து வீடு. எடை 96 கிராம், நீளம் ஏறத்தாழ 127 மில்லிமீற்றர், ஐந்து பொத்தான்கள். வலக்கைக்கென்றே வளைத்துச் செய்தது. உள்ளங்கை முழுவதையும் அதன்மேல் வைத்து ஆடுவோருக்கு, பெரிய கையினருக்கு, இது மெத்தை. இடக்கையருக்கு உதவாது.

மூன்றாவது, லொஜிடெக் ஜி304. மேற்படியில் நிற்பது; வால் இல்லாதது. 'ஹீரோ' என்னும் சென்சர் மிகவும் சிக்கனமானது. ஒரேயொரு சிறு பற்றறியில் 250 மணித்தியாலம் வரை இயங்கும் என்கிறார்கள். நாளுக்கு நான்கு மணித்தியாலம் என்று வைத்தால் இரண்டு மாதம். ஆனால் பற்றறியோடு சேர்த்து 99 கிராம். அதுவும் பாரம் பின்பக்கம் சாய்ந்திருக்கும்.

நான்காவது, அண்மைக் காலத்திற் சந்தைக்கு வந்த சீனத்து அட்டாக் ஷார்க் எக்ஸ்3. இதுவும் வால் இல்லாதது. எடை 49 கிராம் மாத்திரமே, ஜி304இன் சரிபாதி! உள்ளிருப்பது பிக்ஸ்ஆர்ட்டின் பி.ஏ.டபிள்யூ.3395 என்னும் உயர்தரச் சென்சர். அதே சென்சரைத் தாங்கிய பெருங் கம்பெனி மௌஸ்கள் பன்மடங்கு விலையில் விற்கப்பட்டதுண்டு. பொருளைப் பார்த்தால் கொடுத்த காசுக்கு மேலான பெறுமதி. ஆனால், பழுதானால் யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்விக்கு விடை தேடியபின்பே வாங்கவேண்டும்.

பழைய நாட்காட்டியின் பின்புறத்தை விரித்து, ஒரு சோதனை செய்தோம். விண்டோஸில் அம்புக்குறியின் வேகத்தைத் தானாகக் கூட்டும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, மௌஸை ஓர் அடிமட்டத்தோடு சேர்த்து வைத்து, அம்புக்குறி நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டோம். பின்னர் வலப்புறம் வேகமாக வீசி, ஆறுதலாகத் திரும்ப அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தோம். நல்ல சென்சராயின் அம்புக்குறி புறப்பட்ட இடத்துக்கே திரும்பவேண்டும். நான்கும் திரும்பின. ஏழு நிற எலியோ பழைய இடத்துக்குக் கிட்டவும் வரவில்லை. 'நான் சரியாத்தான் சுட்டனான், படேல்லை' என்று பையன் நண்பர்களிடம் சொல்லிவந்ததும் பொய்யன்று என்பது அப்போது தெரிந்தது.

வால் வேண்டுமா, வேண்டாமா?

வால் இல்லாத மௌஸ் கைக்குச் சுகம் என்பதில் ஐயமில்லை. முன்னாளில் அவற்றிலிருந்த தாமதமும் நல்ல வகைகளில் இன்று நீங்கிவிட்டது. ஆயினும் அதன் விலையில் ஒரு பகுதி வானொலிக் கருவிக்கும் பற்றறிக்கும் போய்விடும். ஒரே விலைக்கு வால் உள்ளதையும் இல்லாததையும் வைத்துப் பார்த்தால், வால் உள்ளதில் நல்ல சென்சரும் சுவிச்சும் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். உள்ளே பொருத்திய மின்கலம் நாலைந்து வருடத்திற் களைத்துவிடும் என்பதையும் எண்ணவேண்டும். குறைந்த காசுக்கு வாங்குவோர் வாலைக் கண்டு வெட்கப்படத் தேவையில்லை.

கொழும்புக்கு 260 கிலோமீற்றர்

கொழும்பிலிருப்போர் மௌஸ் பழுதானால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு ஒரு நடை போய் வந்துவிடலாம். திருகோணமலையிலிருந்து அது ஏறத்தாழ 260 கிலோமீற்றர். எனவே, எமக்கு உத்தரவாதச் சீட்டு என்பது சென்சருக்கு அடுத்த உறுப்பு. எத்தனை மாதம், யார் பொறுப்பு, பழுதானால் இங்கேயே மாற்றித் தருவார்களா, கொழும்புக்கு அனுப்புவதாயின் செலவு யாருடையது என்பனவற்றைக் காசு கொடுக்குமுன் கேட்டு, எழுத்திலும் பெறவேண்டும். பெயர்பெற்ற மௌஸ்களுக்குப் போலிகளும் உண்டு. அசல் லொஜிடெக் ஆயின் அந்நிறுவனத்தின் 'ஜி ஹப்' என்னும் இலவசச் செயலி அதனை அடையாளங் கண்டுகொள்ளும். கடையிலேயே பொருத்திக் காட்டச் சொல்லலாம்.

பழுதான எலியை வீசிவிடவேண்டும் என்பதுமில்லை. நகரில் வானொலிப்பெட்டி திருத்தும் ஒருவரிடம் அந்த ஏழு நிற எலியைக் கொடுத்தோம். மூன்று காலுள்ள அந்தச் சுவிச் பல மௌஸ்களுக்கும் பொதுவானது. பழையதை ஈயம் உருக்கிக் கழற்றி, புதியதை ஒட்டித் தந்தார். செலவு இரண்டு நாள் இடியப்ப இலாபத்திலும் குறைவு. விளையாட்டுக்கு அது ஆகாது. ஆனால் பாடக் குறிப்பு எழுத, கணக்குப் பதிய, தாராளமாகப் போதும். தாய் இப்போது எந்தக் கடைக்கு எத்தனை இடியப்பம் என்ற கணக்கை மகனின் கணனியிற் பதியப் பழகுகிறார். அந்த எலி அவருக்குச் சொந்தமாகிவிட்டது.

விளையாட்டுக்கென்று ஒரு மௌஸா என்று முகஞ்சுளிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிற் கணனி விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப்போவதில்லை. அளவோடு விளையாடவேண்டும் என்பதும் சரியே. ஆனால் அதே மௌஸே பிள்ளை படம் வரையவும், நிரல் எழுதவும், நாளை தொழில் செய்யவும் துணை நிற்பது. நாளெல்லாம் கை படும் கருவி நல்லதாக இருப்பது ஆடம்பரமாகாது.

அடுத்த சீட்டு விழுந்ததும் தாயே மகனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். நாமும் உடன் சென்றோம். கடைக்காரர் வழக்கம்போல ஒளி வீசும் ஒன்றை எடுத்து நீட்டி, "அக்கா, இது பத்தாயிரம்" என்றார்.

"எண் கிடக்கட்டும் தம்பி. இதின்ர சென்சருக்கு என்ன பேர்? பழுதானா இஞ்ச மாத்துவீங்களோ, கொழும்புக்கு அனுப்புவீங்களோ? எங்கட பிள்ளை ஒருக்காக் கையில வச்சுப் பாக்கட்டும்" என்றார் அவர்.

கடைக்காரர் அந்தப் பெட்டியை மெல்லத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துவந்தார். பையன் கையிற் பிடித்துப் பார்த்து, வால் உள்ள ஜி102ஐத் தேர்ந்தான். உத்தரவாதச் சீட்டை வாங்கித் தமது கைப்பையில் வைத்துக்கொண்டவர் தாய்.